செராமிக் கோட்டிங், பிபிஎஃப், வாக்ஸ்: உங்கள் காருக்கு எது?

"செராமிக் போட்டுட்டா கீறலே விழாது சார்" என்று சொல்லித்தான் பல கடைகளில் விற்கிறார்கள். அதை நம்பிப் பணம் கட்டியவர்கள் ஆறு மாதம் கழித்து வெயிலில் பானட்டைப் பார்த்து நொந்துபோகிறார்கள். பணம் கட்டுவதற்கு முன் உங்கள் காரை எது கெடுக்கிறது என்று பாருங்கள். வெயிலா, போர் தண்ணீரா, காக்கை எச்சமா, ஹைவேயில் தெறிக்கும் ஜல்லியா, தினமும் துடைக்கும் துணியா? ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

முதலில் கனத்தைப் பாருங்கள். கம்பெனி பெயின்ட்டின் மேலடுக்கான கிளியர் கோட் சுமார் 40 மைக்ரான். அதன் மேல் திரவமாகப் பூசி இறுகவிடும் செராமிக் படிவது ஒன்றிரண்டு மைக்ரான்தான். பிபிஎஃப் என்னும், பெயின்ட் மேல் ஒட்டும் ஒளி ஊடுருவும் ஃபிலிம் 150 முதல் 200 மைக்ரான் வரை இருக்கும். லாரி டயரிலிருந்து பறந்து வரும் கல்லை இரண்டு மைக்ரான் தாங்காது, 200 மைக்ரான் பெரும்பாலும் தாங்கும்.

செராமிக் பாட்டிலில் போட்டிருக்கும் 9ஹெச் என்பது பென்சில் சோதனையின் அளவு. வெவ்வேறு கடினத்தன்மை உள்ள பென்சில்களை 45 டிகிரி சாய்வில் பெயின்ட்டின் மேல் அழுத்தித் தள்ளி, எது கீறுகிறது என்று பார்ப்பார்கள். சாலைப் புழுதியில் இருப்பது குவார்ட்ஸ் மணல். பென்சிலைத் தாங்கிய கோட்டிங்கை அது சுலபமாகக் கீறிவிடும். அபார்ட்மென்ட்டில் காலையில் ஒரே வாளித் தண்ணீரில் பத்து காரைத் துடைக்கும் துணிக்குள் இருப்பதும் அந்த மணல்தான். சிலந்தி வலை மாதிரி வட்டக் கீறல்கள் வருவது அதனால். அந்தத் துடைப்பு நிற்காத வரை எந்தக் கோட்டிங்கும் வீண் செலவு.

அப்படியென்றால் செராமிக் எதற்கு? கழுவுவது எளிதாகும். அழுக்கு இறுகப் பிடிக்காது, பளபளப்பு நிற்கும், எச்சத்தின் அமிலம் கிளியர் கோட்டை எட்டுவதற்குள் துடைக்கக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். கொஞ்சம்தான். மே மாத வெயிலில் பானட்டில் காய்ந்த எச்சம் சில மணி நேரத்திலேயே தடம் பதித்துவிடும்.

போர் தண்ணீரில் கழுவுபவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. செராமிக் மேல் நீர் முத்து முத்தாக நிற்கும், அதைக் காட்டித்தான் வீடியோ போடுகிறார்கள். அந்த முத்து வெயிலில் அப்படியே காய்ந்தால் சுண்ணாம்பு முழுவதும் ஒரு வட்டத்துக்குள் கெட்டியாகப் படியும். உடனே கவனித்தால், வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவில் கலந்து, நிழலில் சூடு ஆறிய பேனலில் தடவி, ஒரு நிமிடத்தில் கழுவினால் போய்விடும். விட்டுவைத்தால் கோட்டிங்கை அரித்துவிடும். பிறகு பாலிஷ் போட்டுத்தான் எடுக்க வேண்டும், பாலிஷோடு கோட்டிங்கும் போய்விடும்.

செராமிக்கில் நீங்கள் கொடுக்கும் காசின் பெரும்பகுதி பாட்டிலுக்கு அல்ல, அதற்கு முந்தைய வேலைக்கு. ஷாம்பு வாஷ், இரும்புத் துகளைக் கரைக்கும் ஸ்ப்ரே, களிமண் போன்ற கிளே பார், மெஷின் பாலிஷ், கடைசியில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் கலவையால் எண்ணெய்ப் பசை போகத் துடைப்பது. இந்தக் கடைசித் துடைப்பை விட்டால் கோட்டிங் பாலிஷ் எண்ணெயின் மேல் உட்கார்ந்து, சில மாதத்தில் கழன்றுபோகும். பாலிஷைச் சரியாகச் செய்யாவிட்டால் பழைய கீறல்களின் மேலேயே பளபளப்பாக மூடி போட்டதுபோல் ஆகும்.

பூசும்போது இரண்டடிக்கு இரண்டடி பரப்பாக எடுத்து, குறுக்கும் நெடுக்கும் தடவ வேண்டும். எண்ணெய் மினுமினுப்பு வானவில் நிறமாக மாறியதும் மைக்ரோஃபைபரால் சமப்படுத்த வேண்டும். சென்னை மாதிரி புழுக்கமான ஊரில் இது ஒரு நிமிடத்துக்குள்ளேயே வந்துவிடலாம். தாமதித்தால் கருந்திட்டாக இறுகிவிடும், திரும்பப் பாலிஷ்தான் வழி. அதனால் மூடிய, புழுதியில்லாத இடத்தில் செய்கிற கடையைத் தேடுங்கள். நடுத்தரக் காருக்கு ஒரு பூச்சுக்கு 30 மில்லி பாட்டில் ஒன்று போதும். முதல் 24 மணி நேரம் தண்ணீரே படக்கூடாது, ஒரு வாரம் ஷாம்பு கூடாது. காலையில் விட்டு மாலையில் வண்டியை எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னால் பாலிஷை எப்போது செய்வார்கள் என்று கேளுங்கள்.

பிபிஎஃப்பில் டிபியு (தெர்மோபிளாஸ்டிக் பாலியூரித்தேன்) ஃபிலிமா என்று உறுதிசெய்யுங்கள். மலிவான பிவிசி மஞ்சளாகும், கழற்றும்போது பசை தங்கும். நல்ல டிபியுவில் விழும் மெல்லிய கீறல்கள் வெயில் சூட்டிலேயே மறையும். ஓரங்களை வண்டி மேலேயே பிளேடால் வெட்டுபவர்களிடம் கவனமாக இருங்கள், அந்தக் கோடு பெயின்ட்டில் விழுந்தால் மீளாது. ரீபெயின்ட் செய்த பேனலில் ஃபிலிமைக் கழற்றும்போது பெயின்ட்டும் சேர்ந்து வரும் ஆபத்து உண்டு.

டெஃப்லான் கோட்டிங் என்று ஷோரூமில் தருவதை வேண்டாம் என்று சொல்லிவிடலாம். டெஃப்லான் உருகவே 327 டிகிரி செல்சியஸ் வேண்டும், கார் பெயின்ட்டில் அது நடக்காது. கிடைப்பது சில மாதம் நிற்கும் சீலன்ட்தான், அதாவது வாக்ஸ் மாதிரி பூசும் செயற்கைப் பூச்சு. அதைவிட ஒரு டப்பா நல்ல சீலன்ட் வாங்கி, நான்கு மாதத்துக்கு ஒருமுறை நீங்களே பூசலாம். மெழுகு வாக்ஸ் நம் வெயிலில் சில வாரத்துக்கு மேல் தங்காது.

செலவு ஊருக்கு ஊர், வேலைக்கு வேலை மாறும். ஹேட்ச்பேக்குக்கு செராமிக் பொதுவாக 10,000 முதல் 30,000 ரூபாய், முழு பிபிஎஃப் லட்சத்தை ஒட்டிப் போகும். ஹைவேயில் அதிகம் ஓட்டுபவர்கள் பம்பர், பானட், பக்கக் கண்ணாடியின் முதுகு, கதவுக் கைப்பிடிக் குழி இவற்றுக்கு மட்டும் ஃபிலிம் ஒட்டி, மீதிக்கு செராமிக் போடுவது நல்ல கணக்கு. இரண்டையும் செய்தால் ஃபிலிம்தான் முதலில், கோட்டிங் மேல் பசை சரியாகப் பிடிக்காது. ஏழெட்டு வருஷம் ஓடிய, நகருக்குள் மட்டும் சுற்றும் காருக்கு ஒரு நல்ல பாலிஷும் சீலன்ட்டும் போதும்.

வாரண்டித் தாளில் 5 வருஷம் என்று இருந்தால், வருடாந்திர சர்வீஸுக்கு எவ்வளவு, அதைத் தவறவிட்டால் வாரண்டி செத்துவிடுமா என்ற இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். பாலிஷுக்கு முன்னும் பின்னும் பெயின்ட் கனமானியில் அளந்து காட்டச் சொல்லுங்கள், எவ்வளவு கிளியர் கோட் போயிற்று என்பது அதில் தெரிந்துவிடும்.