எபாக்ஸி புட்டியில் தார்ப்பாயும் படுக்கைச் சுருளும்: பல ஆண்டுப் பயன்பாட்டில் தெரிந்தவை

1/35 அளவு (நிஜத்தில் 35-ல் ஒரு பங்கு) டாங்கி மாடல்களுக்குத் துணிச் சாமான் செய்ய மில்லிபுட், கிரீன் ஸ்டஃப் என்ற இரண்டு எபாக்ஸி புட்டிகளையும் (இரு பாகங்களைச் சேர்த்துப் பிசைந்தால் இறுகும் களிமண் போன்றவை) தொடர்ந்து பயன்படுத்துகிறேன். தனித்தனியாக இரண்டுமே துணிக்குச் சரிவரவில்லை. மில்லிபுட் கல்லாக இறுகும், உப்புத்தாளுக்கு நன்றாக மசியும்; ஆனால் மெலிதாக உருட்டி மடித்தால் ஓரம் கிழியும். கிரீன் ஸ்டஃப் இழுத்த இழுப்புக்கு வரும். காய்ந்தபின் ரப்பர் போலிருப்பதால் தேய்த்தால் பிசிறும். சரிபாதி கலந்தால் இரண்டின் குறையும் பெருமளவு போய்விடுகிறது. அதனதன் இரு பாகங்களையும் நிறக்கோடு மறையப் பிசைந்துவிட்டு, பிறகு ஒன்றாக்குங்கள். கிரீன் ஸ்டஃப் பட்டையாக வந்தால், நீலமும் மஞ்சளும் தொடும் நடுக்கோட்டை வெட்டி எறியுங்கள். அது பாக்கெட்டிலேயே இறுகத் தொடங்கியிருக்கும்; விட்டால் உருட்டிய தகட்டில் குருணை குருணையாகத் தெரியும்.

டால்கம் பவுடர் தூவிய பிளாஸ்டிக் தாளில் கலவையை 0.5 மி.மீ. தடிமனுக்கு உருட்டினால், 1/35 கணக்கில் அது 17.5 மி.மீ. துணியல்ல, பலகை! 0.3 மி.மீ.கூட நிஜத்தில் 10 மி.மீ.க்கு மேல்தான். ஆனால் கண்ணில் படுவது ஓரம் மட்டுமே. அதை ஈரத் தூரிகைக் காம்பால் நசுக்கி மெலிதாக்கினால் போதும்.

பெரும்பாலும் சொதப்புவது நேரத்தில். உருட்டிய கையோடு மாடல் மேல் போர்த்தினால் மடிப்புகள் மழுங்கி, மாவு போலத் தொய்யும். சுமார் அரை மணி விட்டு, கழித்த துண்டொன்றை மடித்துப் பாருங்கள். விரலில் ஒட்டாமல், மெல்லிய தோல்போல மடிந்து நின்றால் பதம். மடிப்பில் வெடிப்பு விட்டால் நேரம் கடந்துவிட்டது. வெயில் காலத்தில் இது சீக்கிரமே வரும், கடிகாரத்தை நம்ப வேண்டாம்.

படுக்கைச் சுருளுக்கு உள்தண்டை முந்தின நாளே செய்து இறுக விடுங்கள். பச்சையாக இருந்தால், வார் (சுருளைக் கட்டும் பட்டை) அழுத்தும்போது சுருளே சப்பையாகிவிடும். மேல்தகடு மென்மையாக இருக்கும்போதே வார் பதியும் பள்ளத்தை அழுத்திவிட்டு, 1 மி.மீ. அகலப் பட்டையை அதில் வையுங்கள். சுருக்கங்கள் வாரிலிருந்துதான் விசிறியாகப் பிரிய வேண்டும். சம இடைவெளியில் கீறினால் ஜன்னல் திரைதான் கிடைக்கும்.

பிசையும்போது நைட்ரைல் கையுறை அவசியம், எபாக்ஸி சருமத்தில் ஒவ்வாமை உண்டாக்கும். தேய்க்கும்போது முகமூடி. கருவியில் வாசலின் தடவியிருந்தால், புட்டி முழுதாக இறுகியதும் பாத்திர சோப்பு நீரில் கழுவிவிட்டுத்தான் பிரைமர் (பெயின்டுக்கு முந்தைய அடிப்பூச்சு). இல்லையென்றால் பெயின்ட் உரிவது மடிப்பின் உட்குழியில்தான், அங்கே திரும்பத் தூரிகை நுழையாது.