லெட்ஸ் என்க்ரிப்ட், செர்ட்பாட்: சப்டொமைன்களுக்கு எவ்வளவு தூரம் உதவும்?

நிலாவெளி, உப்புவெளி விடுதிகளின் தளங்கள் இப்போது ஒரு பக்கத்தோடு நிற்பதில்லை. முன்பதிவுக்கு ஒரு சப்டொமைன் (டொமைனுக்கு முன்னால் சேரும் கிளைப் பெயர்), சாப்பாட்டு விபரத்துக்கு ஒன்று, திமிங்கிலம் பார்க்கப் போகும் படகுகளுக்கு இன்னொன்று. இவற்றைப் பாதுகாப்பான எச்டிடிபிஎஸ் இணைப்பில் திறக்க வைக்கும் சான்றிதழைக் காசு கொடுத்து வாங்க அவசியமே இல்லை. லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தருகிறது. செர்ட்பாட் என்ற மென்பொருள் அதை எடுத்துச் சேர்வரில் பொருத்திவிடும்.

எல்லோருக்கும் ஆசை வைல்ட்கார்ட் மேல்தான், அதாவது எல்லாச் சப்டொமைன்களுக்கும் சேர்த்து ஒரே சான்றிதழ். 2018 முதல் கிடைக்கிறது. ஆனால் அது ஒரு படிச் சப்டொமைனுக்கு மட்டுமே செல்லும்; சப்டொமைனுக்குள் இன்னொரு சப்டொமைன் இருந்தால் செல்லாது. வெறும் டொமைனுக்குச் செல்லாது. ஆகவே இரண்டையும் சேர்த்தே கேட்க வேண்டும். சிக்கலும் அங்கேதான். டொமைன் உங்களுடையதுதானா என்று சரிபார்க்க, டிஎன்எஸ்ஸில் (டொமைன் பெயர்களின் பதிவேட்டில்) ஒரே பெயரில் இரண்டு டெக்ஸ்ட் பதிவுகள் போடச் சொல்லும். முதலாவதை அழித்துவிட்டு இரண்டாவதைப் போட்டால் சரிபார்ப்பு தோற்கும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும்.

கையால் பதிவு போட்டு எடுத்த சான்றிதழ் தானாகப் புதுப்பிக்காது. ஆயுள் 90 நாள். ஏப்ரல் நடுவில் எடுத்தால் ஜூலை நடுவில், சுற்றுலாப் பயணிகள் நிறைந்திருக்கும் நேரத்தில், முன்பதிவுப் பக்கம் சிவப்பு எச்சரிக்கை காட்டும். உங்கள் டிஎன்எஸ் நிறுவனம் ஏபிஐ (மென்பொருளே பதிவுகளைப் போடும் வழி) தராவிட்டால் வைல்ட்கார்டை விட்டுவிடுங்கள். நாலைந்து பெயர்களை ஒரே சான்றிதழில் எழுதி, எச்டிடிபி வழியே, அதாவது சேர்வரில் ஒரு கோப்பை வைத்துக் காட்டி, சரிபார்ப்பதே நிம்மதி. அதற்குச் சேர்வரின் எச்டிடிபி வாசலான 80ஆம் போர்ட் திறந்திருக்க வேண்டும். டிஎன்எஸ்ஸில் பழைய சேர்வரைக் காட்டும் ஐபிவி6 முகவரிப் பதிவு கிடந்தால் அதையும் நீக்குங்கள். சரிபார்ப்பு முதலில் அங்கேதான் போய்ப் பார்க்கும்.

வெப் சேர்வர் மென்பொருளான என்ஜின்எக்ஸில், செர்ட்பாட் தரும் கோப்புகளில் ‘ஃபுல்செயின்’ கோப்பையே கொடுங்கள். ‘செர்ட்’ கோப்பைக் கொடுத்தால் கணினியில் திறக்கும் தளம் ஆண்ட்ராய்டு போனில் முரண்டு பிடிக்கும், உங்கள் சான்றிதழை நம்பகமான மூலச் சான்றிதழோடு இணைக்கும் இடைச் சான்றிதழ் போய்ச் சேராததால். புதுப்பித்தபின் என்ஜின்எக்ஸை ரீலோட் செய்ய ‘டிப்ளோய் ஹூக்’ (புதுப்பித்ததும் தானாக ஓடும் கட்டளை) எழுதாவிட்டால், புதிய கோப்பு டிஸ்க்கில் இருக்க, சேர்வர் பழையதையே நீட்டிக்கொண்டிருக்கும்.

முதலில் ‘டிரை ரன்’ என்ற ஒத்திகையை ஓட்டிப் பாருங்கள். நிஜத்தில் ஒரு பெயருக்குச் சரிபார்ப்பு மணிக்கு 5 முறை தோற்றால் லெட்ஸ் என்க்ரிப்ட் தடுத்துவிடும்.

காலாவதி நினைவூட்டும் மின்னஞ்சலை லெட்ஸ் என்க்ரிப்ட் 2025இல் நிறுத்தியது பெரிய குறை. சிறு விடுதிக்காரருக்கு அது ஒன்றுதான் காவலாக இருந்தது. இனி முடிவுத் திகதியைச் சோதிக்கும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்றைக் குரோனில் (குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் சேர்வர் வசதி) நீங்களே போட வேண்டும்.