ஆறு ஸ்பேசர், மூன்று வழி: வீட்டு அனோடைசிங்கா, பட்டறையா, பவுடர் கோட்டிங்கா?

அடிவாரத்தில் கிளம்பி இருபது கொண்டை ஊசி வளைவும் சைக்கிளில் ஏறி ஏற்காடு போய்ச் சேர்வதற்குள், நெற்றி வியர்வை முழுக்க ஹேண்டில்பார் மேல்தான் சொட்டும். வாரம் ஒரு தடவை இப்படி ஏறியதில், ஹேண்டில்பாருக்குக் கீழே அடுக்கியிருக்கும் அலுமினிய ஸ்பேசர் வளையங்கள் ஆறும் நிறம் வெளுத்து, வெள்ளைப் புள்ளி விழுந்து கிடந்தன. இனிச் சிவப்பாகப் போடலாம் என்று ஆசை வந்தது. வழி மூன்று இருந்தன: அலுமினியத்தின் மேல்தோலிலேயே நிறம் ஏற்றும் அனோடைசிங்கை வீட்டில் செய்வது, அதையே பட்டறையில் கொடுப்பது, அல்லது பெயின்ட் பொடியைத் தூவிச் சூட்டில் உருக்கும் பவுடர் கோட்டிங். மூன்றையும் விசாரித்தேன். இரண்டைச் செய்தே பார்த்தேன்.

பட்டறை விஷயம் சீக்கிரம் முடிந்துவிடும். ஜன்னல் சட்டம், கதவு சட்டம் என்று நீள நீளமாக அனோடைசிங் செய்யும் இடத்தில் ஆறு வளையத்தை யாரும் தனியாகத் தொட்டியில் இறக்க மாட்டார்கள். அடுத்தவர் சரக்கோடு சேர்த்துப் போடலாம் என்றார்கள். ஆனால் அன்றைக்கு எந்தச் சாயத் தொட்டி ஓடுகிறதோ அந்த நிறம்தான் கிடைக்கும். நூறு உருப்படி ஒரே நிறத்தில் வேண்டுமென்றால் யோசிக்காமல் அங்கே போங்கள்.

பவுடர் கோட்டிங் மலிவு, நிறங்களும் ஏராளம். நானே ஒரு வளையத்தைக் கொடுத்துப் பார்த்தேன். பளபளவென்று அழகாக வந்தது, ஆனால் ஃபோர்க் குழாயில், அதாவது முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவையின் மேல்தண்டில், இறங்கவில்லை. காரணம் எளிது. குழாயின் வெளிவிட்டம் 28.6 மில்லிமீட்டர், வளையம் அதில் வழுக்கிக்கொண்டு இறங்கும் அளவுதான் இடைவெளி. பவுடர் பூச்சு 60 முதல் 80 மைக்ரான் வரை ஏறும் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்), அதுவும் உள்சுவர் முழுக்க. துளையின் விட்டத்தில் 0.12 முதல் 0.16 மில்லிமீட்டர் வரை போய்விட்டது. கடைக்காரரிடம் கேட்டதற்கு, "உள்பக்கம் டேப் ஒட்டி மறைச்சுத் தரலாம் தம்பி, ஆனா அந்தக் கூலி தனிங்க" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். மரை உள்ள பாகம் என்றால் இந்தத் தொல்லை இரட்டிப்பாகும்.

அனோடைசிங்கில் மேலே எதையும் பூசுவதில்லை. ஆசிட் தொட்டியில் முக்கி, அலுமினியத்தின் தோலையே மின்சாரத்தால் ஆக்சைடாக மாற்றுகிறோம். 18 மைக்ரான் படலம் வளர்ந்தாலும் ஏறக்குறைய பாதி உலோகத்துக்குள்ளே இறங்கிவிடும். அளவு மாறுவது ஒரு பக்கத்துக்கு 9 மைக்ரானுக்குள்தான். உலோகத்திலிருந்தே வளர்ந்தது என்பதால் பெயின்ட் மாதிரி உரிந்து வராது. அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கும். சாயம் அவற்றுக்குள் போய் உட்காரும், பிறகு கொதிநீரோ ஆவியோ துளை வாயை மூடிவிடும். நான் ஏறும் இந்த ஏற்காடு மலையில் வெட்டிய பாக்சைட் தாதுதான் ஒரு காலத்தில் மேட்டூர் மால்கோ ஆலையில் அலுமினியம் ஆனது. ஏறும்போதெல்லாம் எனக்கு அந்த நினைப்பு வரும்.

அப்படியானால் வீட்டிலேயே செய்துவிடலாமா? நான் அந்தக் கட்சிதான். ஆனால் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்த பிறகு இறங்குங்கள். ஆசிட் தொட்டியை 40 நிமிடம் 20 டிகிரியில் வைத்திருக்க உங்களால் முடியுமா?

சேலத்தில் இது சின்னக் கேள்வி இல்லை. முதல் தடவை ஏப்ரல் மாதம், மொட்டை மாடியில், சாயங்காலம் செய்தேன். தொட்டி 34 டிகிரி. மற்ற எல்லாம் சரியாக இருந்தது. சாயமும் நன்றாகவே ஏறியது. கழுவிவிட்டுக் கட்டை விரலால் தேய்த்தேன், விரல் சிவந்துவிட்டது. வளையத்தின் மேல் சாக்பீஸ் மாதிரி மாவு. படலம் வளர வளர ஆசிட் அதைக் கரைத்துக்கொண்டும் இருக்கும். 24 டிகிரிக்கு மேலே போனால் கரைப்பது முந்திக்கொள்கிறது, துளைகள் அகன்று படலம் பொடியாகிவிடுகிறது. எதிர்ப்பக்கம் ரொம்பக் குளிர்ந்தாலும் கெடுதல்தான். படலம் கடினமாகும், துளை குறுகிச் சாயம் ஏற மறுக்கும். 18 முதல் 22 வரைதான் இடம்.

கணக்குப் போட்டால் பயம் தெளியும். ஆறு வளையத்தின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 150 சதுர சென்டிமீட்டர். 100 சதுர சென்டிமீட்டருக்கு ஒன்றரை ஆம்பியர் என்று வைத்தால் 2.25 ஆம்பியர் வேண்டும், 15 வோல்ட் அளவில். அது 34 வாட். 40 நிமிடத்தில் 5 லிட்டர் தொட்டியை 4 டிகிரி சூடேற்றிவிடும். 10 லிட்டர் என்றால் 2 டிகிரி. ஆக, மின்சாரம் தரும் சூட்டைவிடச் சேலத்து வெயில்தான் பெரிய எதிரி. இரண்டாம் தடவை பெரிய டப்பில் தண்ணீர் ஊற்றி, உறைய வைத்த ஒரு லிட்டர் பாட்டில்கள் நான்கைப் போட்டு, அதன் நடுவில் ஆசிட் டப்பாவை வைத்தேன். 18 வந்ததும் ஸ்விட்ச் போட்டேன். முடிக்கும்போது 21. விரலில் சாயம் ஒட்டவில்லை. அதன் பிறகு மார்கழி விடியற்காலையில் செய்தபோது பாதி ஐஸே போதுமாக இருந்தது.

மற்றவை சுருக்கமாக. பேட்டரி ஆசிட்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி. தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றவே கூடாது. பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, திறந்தவெளி மூன்றும் கட்டாயம். மின்சாரத்தின் எதிர்முனையில் (நெகட்டிவ்) ஹைட்ரஜன் வாயுவும் கிளம்பும். போர் தண்ணீர் வேண்டாம், அதிலுள்ள குளோரைடு உலோகத்தில் குழி பறிக்கும். வளையத்தைப் பிடிக்கும் கம்பியும் அலுமினியமாக இருக்கட்டும், இறுக்கமாக இருக்கட்டும். எனக்கு இரண்டு வளையம் வெளிறிப் போனதற்குக் கம்பி தளர்ந்ததுதான் காரணம். சாயத்துக்குப் பட்டு நூலுக்குப் போடும் அமிலச் சாயத்தையே வாங்கினேன். 55 டிகிரியில் கால் மணி நேரம் ஊறியது. துளையை மூட, சமையலுக்கு இனி எடுக்காத பழைய இட்லிப் பானையில் முக்கால் மணி நேரம் ஆவியில் வைத்தேன். தண்ணீரில் கொதிக்க வைப்பதைவிட இதில் சாயம் குறைவாகக் கசிகிறது.

நிறம் எத்தனை நாள் நிற்கும்? என் வளையங்கள் பார்த்தது ஒரு கோடையைத்தான். இதுவரை சிவப்பு சிவப்பாகவே இருக்கிறது, அதற்கு மேல் நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஹேண்டில்பார், கிராங்க் போன்ற பாரம் தாங்கும் பாகங்களை நான் தொடவில்லை. திரும்பத் திரும்ப வரும் பாரத்தை விரிசல் விடாமல் தாங்கும் வலிமையை அனோடைசிங் கொஞ்சம் குறைக்கும்.

பழைய ஆசிட்டைச் சாக்கடையில் விடாதீர்கள். சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு ஊருக்குள் சாயக்கழிவைச் சுமந்து ஓடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். நான் என் ஐந்து லிட்டரை மூடிபோட்ட கேனில் வைத்து அடுத்த தடவைக்கும் பயன்படுத்துகிறேன். அடுத்து வரப்போவது பின்பக்க கேரியர். அதில் மரையும் இல்லை, வழுக்கி இறங்கும் இடமும் இல்லை, என் டப்பாவிலும் அடங்காது. அது பவுடர் கோட்டிங்குக்குத்தான் போகிறது.