பழைய டில்லருக்கு எந்த விலை நியாயம்?

ஊட்டிக்குப் பக்கத்தில் கேத்திப் பள்ளத்தில் எங்கள் கேரட் தோட்டத்தில் எட்டு வருடம் உழைத்த டீசல் பவர் டில்லரை (பின்னால் நடந்து பிடித்து ஓட்டும் சின்ன உழவு எந்திரம்) விற்க வேண்டி வந்தது. 13 குதிரைத்திறன் வண்டி. முட்டிவலி வந்த பிறகு சித்தப்பாவால் அதை வரப்போரம் பிடித்துத் திருப்ப முடியவில்லை. என்ன விலை சொல்லலாம் என்று விசாரித்தோம். ஆடிட்டரிடம் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுத் தம்பி 54,500 என்றான். மேட்டுப்பாளையத்துத் தரகர் 30,000 என்றார். பழைய இரும்புக்காரர் 12,000. மெக்கானிக் அண்ணன் மட்டும் விலையே சொல்லாமல், "முதல்ல ஸ்டார்ட் பண்ணுங்க, புகையைப் பார்ப்போம்" என்றார்.

ஒரே வண்டிக்கு இவ்வளவு வித்தியாசமா என்று சித்தப்பாவுக்குக் கோபம். ஆனால் ஒவ்வொரு தொகைக்குப் பின்னாலும் ஒரு கணக்கு இருந்தது.

தம்பியின் கணக்கு வருமான வரிக் கணக்கு. எந்திரங்களுக்கு ஆண்டுதோறும் மிச்ச மதிப்பில் 15 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். 2,00,000 ரூபாய் வண்டி எட்டு வருடத்தில் 54,500க்கு வந்துவிடும். யாரும் குறை சொல்ல முடியாத எண். அண்ணன் தம்பிகள் சொத்துப் பிரிக்கும்போது சண்டை வராமல் இருக்க இதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் வருடத்துக்கு நாற்பது மணி நேரம் ஓடிய வண்டிக்கும், ஊர் முழுக்க வாடகைக்கு உழுத வண்டிக்கும் இந்தக் கணக்கில் ஒரே விலைதான்.

இன்னொரு சிக்கல், எந்தத் தொகையிலிருந்து கழிப்பது என்பது. வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் 50 சதவீத மானியம் கிடைத்ததால் எங்கள் கையிலிருந்து போனது ஒரு லட்சம்தான். அதிலிருந்து கழித்தால் 27,000 சொச்சம். "மானியம் சர்க்கார் எனக்குக் கொடுத்தது, வாங்கறவனுக்கு எதுக்குக் கழிக்கணும்?" என்று சித்தப்பா பிடிவாதமாக நின்றார். நியாயம்தான். ஆனால் வாங்க வருகிறவரும் சிறு விவசாயி என்றால் புது வண்டியே அவருக்குப் பாதி விலைக்குக் கிடைக்கும். பழசுக்கு அவர் ஏன் அதிகம் தர வேண்டும்? குத்தகைக்குப் பயிர் செய்கிறவர் கதை வேறு. சிட்டா அவர் பேரில் இல்லை, மானியம் வாங்குவது கஷ்டம். அவர் பழைய வண்டியைப் புதுசின் முழு விலையோடுதான் ஒப்பிடுவார். ஆக, மானியத்தைக் கழிப்பதா வேண்டாமா என்பது எதிரில் நிற்பவர் யார் என்பதைப் பொறுத்தது. (மானிய வண்டியாக இருந்தால் இத்தனை வருடம் விற்கக் கூடாது என்று அனுமதி ஆணையில் போட்டிருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.)

புது வண்டியின் விலையே இப்போது கொஞ்சம் இறங்கியிருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் உழவு எந்திரங்களுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. வரிக்கு முன் 1,80,000 என்றால் முன்பு 2,01,600 ஆகும், இப்போது 1,89,000. பழைய பில்லைக் கையில் வைத்துக்கொண்டு விலை பேசுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். வாங்குகிறவர் மறப்பதில்லை.

தரகர் கணக்கைப் பற்றி எனக்குக் கொஞ்சம் ஆத்திரமே உண்டு. மலையிலிருந்து இறக்கும் பிக்அப் வாடகை, தன் லாபம் இரண்டையும் அவர் கழிப்பது சரி. வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு, "இழுவையே இல்லையே, கறுப்பா புகை வேற" என்று இன்னும் குறைப்பதுதான் தப்பு. டர்போ (என்ஜினுக்குக் காற்றை அழுத்தி ஊட்டும் கருவி) இல்லாத என்ஜின் ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் பத்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கும். ஊட்டி 2,240 மீட்டரில் இருக்கிறது. 13 குதிரைத்திறன் இங்கே 10, 10.5க்குப் பக்கத்தில்தான் வேலை செய்யும். காற்று மெலிந்திருப்பதால் டீசல் முழுதாக எரியாமல் கொஞ்சம் கறுப்புப் புகையும் வரும். 300 மீட்டர் அளவில் இருக்கும் மேட்டுப்பாளையத்துக்கு இறக்கியதும் அதே வண்டி திமிறிக்கொண்டு இழுக்கும். அதாவது, இங்கே விலை குறைக்க அவர் காட்டிய குறை கீழே போனதும் தானாகச் சரியாகிவிடும். காசு அவருக்கு.

மெக்கானிக் அண்ணன் தேடியது நீலப் புகையை. அது வந்தால் என்ஜின் ஆயில் குடிக்கிறது, ரிங், லைனர் போய்விட்டது என்று அர்த்தம். காலைக் குளிரில் கொஞ்ச நேரம் வரும் வெள்ளைப் புகையை அவர் கண்டுகொள்ளவில்லை. எங்கே ஓட்டினீர்கள் என்றும் கேட்டார். சரிவில் சாய்த்தே ஓட்டிய வண்டியில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, மறுபக்கம் காய்ந்து தேயுமாம். எங்களுடையது பள்ளத்துச் சமநிலத்தில் ஓடியது. நீலப் புகை இல்லை. கிளட்ச் பிளேட், பெல்ட், ரோட்டரி கத்தி மூன்றும் மாற்ற வேண்டும், 6,000 ஆகும் என்றார்.

இரும்பு விலைக்கு அதிக விளக்கம் தேவையில்லை. 400 கிலோ அளவு எடை, கிலோ 30 ரூபாய். அதற்குக் கீழே யாருக்கும் கொடுக்க வேண்டாம், அவ்வளவுதான் அதன் உபயோகம்.

நான் நம்பியது ஐந்தாவதாக ஒரு கணக்கை: இதே மாதிரி வண்டி, இதே மலையில், உண்மையில் என்ன விலைக்குக் கைமாறியது? இணையத்தில் போட்டிருக்கும் விலைகள் இதற்கு உதவாது. அவை கேட்கும் விலை. ஆறு மாதமாக அப்படியே கிடக்கிறது என்றால் அந்த விலையை யாரும் தரவில்லை என்று பொருள். அக்கம்பக்கத்தில் கேட்டதில் இரண்டு விற்பனை தெரிந்தது. நல்ல நிலையில் இருந்த ஒன்று 52,000. நீலப் புகை விட்ட ஒன்று 36,000. எங்கள் வண்டி முதலாவதோடு சேர்ந்தது. அதில் 6,000 கழித்தால் 46,000. தம்பியின் வரிக் கணக்கும் இதற்கு ரொம்பத் தூரத்தில் இல்லை. ஆனால் அது தற்செயல்தான். நீலப் புகை விட்டிருந்தாலும் அவன் 54,500தான் சொல்லியிருப்பான்.

மெக்கானிக் வழியிலும் ஒரு குறை உண்டு. பார்க்கிறவரே பிறகு வாங்க வருகிறார் என்றால் அவர் சொல்லும் ரிப்பேர் செலவு கொஞ்சம் வீங்கும். அதனால் வாங்குகிறவருக்கும் நமக்கும் பொதுவான ஒருவரைக் கூப்பிட்டு, அவருக்கு நாமே இருநூறு முந்நூறு கொடுத்துவிடுவது நல்லது.

கார்போக உழவுக்கு முன், மார்ச் கடைசியில் விற்றோம். ஏப்ரல், மே நடவுக்கு எல்லோரும் வண்டி தேடும் நேரம் அது. மழைக்காலத்தில் இதே வண்டிக்கு ஆள் தேடி அலைந்திருப்போம். வாங்கியவர் பக்கத்து ஊரில் குத்தகைக்கு உருளைக்கிழங்கு போடுகிறவர். 48,000 சொன்னோம், 45,000க்கு முடிந்தது. புகையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இங்கேயே பிறந்து வளர்ந்தவர். இரும்புச் சக்கரத்தையும் சேர்த்துத் தரச் சொன்னார், சித்தப்பா அதற்குத் தனியாக ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டார்.