நாலு வருட ஏ.ஏ.சி. தேடல்: கையில் நின்றவை கொஞ்சம்தான்

என் தங்கைக்குப் பேச்சு வராது. சொல்வதெல்லாம் புரியும், பிடிக்காதவர் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், கோபம் வந்தால் கதவைப் படாரென்று சாத்துவாள். வாயால் சொல்ல முடியாததைப் படம், பலகை (கட்டம் கட்டமாகச் சொற்களும் படங்களும் இருக்கும், தொட்டுக் காட்டிப் பேசலாம்), செயலி வழியாகச் சொல்லும் முறைகளுக்கு மொத்தமாக ஏ.ஏ.சி. என்று பெயர். அதற்காக இணையத்தில் கிடைப்பவற்றோடு நாலு வருடம் ஓடிவிட்டது. அதில் முதல் வருடம் பயன்படுத்தினேன் என்பதைவிட, இறக்கிக் குவித்தேன் என்பதுதான் சரி.

எங்கள் போக்கை நிஜமாக மாற்றியது கம்யூனிகேஷன் மேட்ரிக்ஸ், ஒருவர் எப்படியெல்லாம் தெரிவிக்கிறார் என்று கணிக்கும் இணையக் கேள்வித்தாள். படமெல்லாம் கிடையாது, வெறும் கேள்விகள். மறுப்பது, வேண்டியதைப் பெறுவது, மனிதர்களோடு பழகுவது, தகவல் பரிமாறுவது என்று நாலு காரணங்கள். உடல் அசைவில் தொடங்கி மொழி வரைக்கும் 7 நிலைகள். எதை எப்படித் தெரிவிக்கிறார் என்று வீட்டில் இருப்பவர்களே நிரப்பலாம். நிரப்பி முடித்தபோது 'பெறுவது' பகுதி நிறைந்திருந்தது, தகவல் பகுதி வெறிச்சென்று கிடந்தது. அப்புறம் எங்கள் பலகையைப் பார்த்தேன்: தண்ணீர், சாப்பாடு, கழிப்பறை, தூக்கம். கேட்டு வாங்க மட்டும் சொற்களைக் கொடுத்துவிட்டு, இவள் ஏன் வேறு எதுவும் சொல்வதில்லை என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

பலகைக்கான படங்களுக்கு அராசாக் என்ற இணையப் படத் தொகுப்பு. ஸ்பெயினின் அரகோன் மாநில அரசு நடத்துவது, வணிகம் இல்லாத பயன்பாட்டுக்கு இலவசம், ஆயிரக்கணக்கில் படங்கள். தோல் நிறம், முடி நிறம் மாற்றிக்கொள்ளலாம், இறந்தகாலம் எதிர்காலத்துக்கு அடையாளம்கூடப் போடலாம். இந்த வசதியில்தான் நான் கோட்டைவிட்டேன். ஒவ்வொரு வாரமும் இன்னும் அழகான படம், இன்னும் நல்ல வரிசை என்று பலகையைப் புதிதாக அச்சிட்டு மாட்டினேன். அவள் விரல் பழைய இடத்துக்குப் போய் நிற்கும், அங்கே வேறு படம் இருக்கும், அவ்வளவுதான், பலகையைத் தள்ளிவிடுவாள். படத்தைவிட இடத்தைத்தான் கை நினைவில் வைத்துக்கொள்கிறது என்பது எனக்கு உறைக்கப் பல மாதம் ஆனது. காசு கட்டி வாங்கிய ஒரு செயலியும் (பெயர் வேண்டாம்) ஒரு அப்டேட்டில் பட்டன்களை இடம் மாற்றி இதே வேலையைச் செய்தது.

ப்ராஜெக்ட் கோர் என்ற அமெரிக்க ஏ.ஏ.சி. திட்டம் தரும் 36 சொல் பலகை அடுத்தது. பெரும்பாலும் பொருட்களின் பெயர் அல்ல, எங்கேயும் பயன்படும் பொதுச் சொற்கள்: போ, நிறுத்து, இன்னும், யார், ஏன். ஆனால் ஆங்கிலத்துக்காகச் செய்த கணக்கு, அப்படியே எடுத்தால் நமக்கு இடிக்கும். அங்கே இரண்டு கட்டங்களைச் சேர்த்துச் சொல்ல வேண்டியது நமக்கு 'வேண்டாம்' என்று ஒற்றைச் சொல்லில் முடிந்துவிடுகிறது. அவர்கள் தனிக் கட்டம் கொடுக்கும் சில சிறு சொற்கள் நம்மிடம் வேற்றுமை உருபாக ஒட்டிக்கொண்டு வருபவை. அதனால் யோசனையை மட்டும் எடுத்துக்கொண்டு சொற்களை நாங்களே தேர்ந்தெடுத்தோம். ப்ராஜெக்ட் கோர் தளத்தில் இருக்கும் இலவசப் பாடங்கள் நல்லவை, நேரம் ஒதுக்கிப் படியுங்கள். நாம் பேசும்போது நாமும் பலகையைத் தொட்டுத் தொட்டுப் பேச வேண்டும் என்பதுதான் அதன் சாரம். முதலில் கூச்சமாக இருந்தது. நான் செய்கிறேன், அம்மா இன்னமும் பாதி நாள் மறந்துவிடுகிறார்.

டேப்லெட்டில், தொட்ட படத்தைக் குரலில் சொல்லும் சிபோர்டு செயலி. பிரவுசரிலேயே ஓடும், குரல் மட்டும் பெரும்பாலும் அந்தந்தக் கருவியில் இருப்பதைப் பொறுத்தது, அதனால் முதலில் அதைச் சோதித்துக்கொள்ளுங்கள். கூடவே லேமினேட் செய்த காகிதப் பலகை எப்போதும் இருக்கட்டும், சார்ஜ் போனால் பேச்சும் போய்விடக் கூடாது இல்லையா.

ஒரு குறை இன்னும் தீரவில்லை. அவளுக்கு வயது இருபதைத் தாண்டிவிட்டது, கண்ணில் படும் ரெடிமேட் பலகைகளோ பெரும்பாலும் பொம்மையும் பலூனுமாக இருக்கின்றன. கிண்டல், சலிப்பு, 'என்னைத் தனியாக விடு' இதெல்லாம் தேடித்தான் சேர்க்க வேண்டும். 'போடா'வுக்கு நானே கோணல்மாணலாக ஒரு படம் வரைந்து ஒட்டினேன். பலகையில் அதிகம் தேய்ந்திருப்பது இப்போது அந்தக் கட்டம்தான்.