கால் எரிச்சலுக்கு ஆல்பா லிப்போயிக் ஆசிட்: இரண்டு வருட அனுபவம்

எனக்குச் சர்க்கரை வந்து பதினொரு வருடம் ஆகிறது. எட்டு வருடம் சும்மா இருந்த கால், அப்புறம் ராத்திரியானால் எரிய ஆரம்பித்தது. உள்ளங்காலில் மிளகாயை அரைத்துப் பூசியதுபோல் இருக்கும். போர்வை பட்டாலே தாங்காது. தக்கலையில் எங்கள் வீட்டுத் திண்ணையில், குளிர்ந்த சிமென்ட் தரையில் காலை வைத்தபடி விடியவிடிய உட்கார்ந்திருக்கிறேன்.

இந்த லிப்போயிக் ஆசிட் நம் உடலே கொஞ்சம் தயாரிக்கிற, கந்தகம் கலந்த ஆன்டிஆக்ஸிடன்ட். சர்க்கரையால் வரும் நரம்புப் பாதிப்புக்கு ஜெர்மனியில் வெகுகாலமாகக் கொடுக்கிறார்கள். வாங்கும்போது அட்டையைத் திருப்பிப் பாருங்கள். மருந்துக்கடையில் ‘நரம்பு மாத்திரை’ என்று தருகிற கலவைகள் பலவற்றில் இது 100 மில்லிகிராம்தான் இருக்கும். ஆய்வுகளில் பலன் கண்ட அளவு நாளுக்கு 600. தெரியாமல் மூன்று மாதம் 100-ஐ விழுங்கிவிட்டு, மருந்து கேட்கவில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தேன்.

டாக்டர் 600-க்கு மாற்றியதும் ஓக்காளம் வந்தது. சாப்பாட்டோடு சேர்த்தால் உடம்பில் சேருவது குறையும் என்பதால் வெறும் வயிற்றில் போடச் சொன்னார். காலையில் கட்டன் சாயா வாசனையே பிடிக்காமல் போயிற்று. பத்து நாளில் அது அடங்கியது. நெஞ்செரிச்சல் மட்டும் அவ்வப்போது உண்டு. சிறுநீரில் ஒரு வாடை வரும், பயப்பட வேண்டாம். பலன் கூடட்டும் என்று அளவைக் கூட்டாதீர்கள். 2006-இல் வெளியான ஆய்வொன்றில் 600, 1200, 1800 என மூன்று அளவும் ஐந்து வாரம் கொடுத்தார்கள். பலன் ஏறக்குறைய ஒன்றுதான், குமட்டல்தான் அளவோடு ஏறியது.

பயமுறுத்தியது வேறு. ஒரு நாள் விடியற்காலை வியர்த்துக் கொட்டி, கை நடுங்கியது. சர்க்கரை 62. இரண்டு மட்டிப் பழம் தின்றபிறகுதான் நிதானம் வந்தது. ஏற்கெனவே போடுகிற சர்க்கரை மாத்திரையான கிளிமிபிரைடோடு இதுவும் சேர்ந்து இறக்கியிருக்கலாம் என்று டாக்டர் கிளிமிபிரைடின் அளவைக் குறைத்தார். அபூர்வமாகச் சிலருக்கு, இன்சுலினுக்கு எதிராக உடம்பே எதிர்ப்பொருளை (ஆன்டிபாடி) உண்டாக்கி, அது பிடித்துவைத்த இன்சுலினை நேரங்கெட்ட நேரத்தில் விடுவதால் சர்க்கரை தாழ்ந்துபோவதும் உண்டாம். ஜப்பானில் அது கூடுதலாகப் பதிவாகியிருக்கிறது.

சரி, எரிச்சல்? ஆறாவது வாரம் ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கினேன். ஆனால் அதே சமயம், நான் போடும் இன்னொரு சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினால், நரம்புக்கு வேண்டிய வைட்டமின் பி12 குறைந்திருப்பது தெரிந்து ஊசியும் போட்டேன், மரச்சீனியையும் குறைத்தேன். எதனால் குறைந்தது என்று எப்படிச் சொல்ல? ஒன்றரை மாதம் லிப்போயிக் ஆசிட்டை மட்டும் நிறுத்திப் பார்த்தேன். எரிச்சல் பாதியளவு திரும்பியது. ஆகவே பாதிப் புகழை இதற்குக் கொடுக்கிறேன்.

அந்தத் தெம்பில்தான் போன வருடச் சிவராத்திரிக்கு, எங்கள் குமரி மாவட்டத்துச் சிவன் கோயில்களுக்கு ஓடியே போய்க் கும்பிடும் சிவாலய ஓட்டத்துக்குக் கிளம்பினேன். பன்னிரண்டு கோயிலும் ஓடும் வயதில்லை. வண்டியில் போய், பதினோராவது கோயிலான திருப்பன்றிக்கோட்டிலிருந்து கடைசிக் கோயிலான திருநட்டாலம்வரை மட்டும் வெறுங்காலோடு நடந்தேன். வெயிலில் தார் கொதித்தது, எனக்கு உறைக்கவில்லை. வீட்டில் கால் கழுவும்போதுதான் கொப்புளம் உடைந்திருப்பதை மனைவி பார்த்தாள்.

டாக்டர் நைலான் இழையால் பத்து இடத்தில் தொட்டார். நாலு இடம் தெரியவில்லை.

“எரிச்சல் போச்சுன்னு சந்தோஷப்பட்டீங்க. உணர்ச்சி இருக்கான்னு பாத்தீங்களா?”

2011-இல் வெளியான நான்கு வருட ஆய்விலும் முக்கிய அளவுகோலில் லிப்போயிக் ஆசிட்டுக்கும் வெற்று மாத்திரைக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்று அப்போதுதான் சொன்னார். புண் ஆற ஏழு வாரம் பிடித்தது.

மாத்திரையை விடவில்லை, தூக்கம் வேண்டுமே. ராத்திரி படுக்குமுன் தரையில் கண்ணாடியை வைத்து உள்ளங்காலைப் பார்த்துக்கொள்கிறேன். இந்த வருடம் திருநட்டாலம் கோயில் வாசல்வரை செருப்போடுதான் போனேன்.