லிக்விட் கூலர் என்ற பெயரில் ஓடாத பம்ப்: அசெம்பிள்டு சிஸ்டம் வைத்திருப்பவர்கள் படிக்கவும்

தாம்பரம், குரோம்பேட்டை பக்கம் இருப்பவர்கள், வீட்டில் அசெம்பிள் செய்த சிஸ்டம் சூடாகிறது என்று கடையில் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். கடையின் பெயரை எழுதவில்லை. விஷயம் நுகர்வோர் ஆணையம் வரை போயிருக்கிறது, பெயர் அங்கே இருக்கட்டும்.

கல்யாண வீடியோ எடிட்டிங்தான் எனக்குப் பிழைப்பு. சிஸ்டம் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கி நானே வீட்டில் மாட்டியது. ஐ5-12400எஃப் ப்ராசஸர், ஆசுஸ் பி660எம் போர்டு, ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு, ப்ராசஸர் மேல் டீப்கூல் ஏகே400 டவர் கூலர், அதாவது உலோகத் தகடுகளில் ஃபேன் காற்றடித்துச் சூட்டைக் குறைக்கிற ஏர் கூலர். ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. கத்திரி வெயில் வந்ததும், மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிற என் அறையில் மதிய நேரம் ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோவாக்கும் வேலை) போட்டால் ப்ராசஸர் சூடு 90 டிகிரியைத் தொட ஆரம்பித்தது, ஃபேன் சத்தம் பக்கத்து அறை வரை கேட்டது. வைகாசி முகூர்த்த வேலைகள் குவிந்து கிடந்தன, பிரித்துப் போட்டு உட்கார நேரமில்லை. தூசி தட்டி, ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவில் தடவுகிற தெர்மல் பேஸ்ட்டை மாற்றிக் கொடுங்கள், வேறு எதையும் தொட வேண்டாம் என்று சொல்லி அந்தக் கடையில் கொடுத்தேன்.

கொடுக்கும்போதே கவுன்டரில் இருந்த பையன் ஆரம்பித்துவிட்டான். "சார், 90 போகுதுன்னா ப்ராசஸர் எப்ப வேணா எரிஞ்சிடும் சார். ஏர் கூலர்லாம் ஊட்டிக்குத்தான் சரி. சென்னைக்கு லிக்விட் போட்டா ஏசி வச்ச மாதிரி இருக்கும்." வேண்டாம் தம்பி, பேஸ்ட் மட்டும் போதும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இந்தப் பேச்சை உங்களிடமும் பேசுவார்கள் என்பதால் அதைப் பற்றிக் கொஞ்சம். இந்த ப்ராசஸருக்கு இன்டெல் வைத்திருக்கிற உச்ச வரம்பு 100 டிகிரி. அதை நெருங்கினால் ப்ராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதையும் மீறிப் போனால் சிஸ்டம் அணைந்துவிடும். 90 நல்லதில்லைதான், வேலை மெதுவாகும், சத்தம் கூடும், ஆனால் எப்ப வேணா எரியும் என்பது பயமுறுத்தி விற்கிற பேச்சு. அடுத்தது அந்த ஏசி கதை. தண்ணீரோ காற்றோ, எந்தக் கூலராலும் அறைச் சூட்டுக்குக் கீழே ப்ராசஸரைக் கொண்டுபோக முடியாது. அறை 36 என்றால் 36க்கு மேலேதான் எல்லாம். லிக்விட் கூலரில் ஒரு பம்ப் ஓட்டுகிற திரவம் சூட்டை ரேடியேட்டருக்குச் சுமந்துகொண்டு போகிறது, அங்கே அதை வெளியே தள்ளுவதும் இதே சாதாரண ஃபேன்தான். முழு வேகத்தில் ஓடினாலும் 117 வாட்டுக்கு மேல் போகாதபடி இன்டெல் வரையறுத்திருக்கும் ப்ராசஸருக்கு ஒரு நல்ல டவர் கூலரே தாராளம். 250 வாட் இழுக்கிற ப்ராசஸர் வைத்திருப்பவர்கள் கதை வேறு, அவர்கள் லிக்விட் போடட்டும்.

சாயங்காலம் கடை முதலாளியிடமிருந்து போன். "தம்பி, உங்க கூலரைக் கழட்டும்போது மவுன்ட் உடைஞ்சிடுச்சு, ஃபேனும் போயிருந்துது. வேலை அவசரம்னு சொன்னீங்கள்ல, அதான் புது 240 எம்எம் லிக்விட் மாட்டிட்டோம். 7,500 தான். வந்து எடுத்துக்குங்க." கேட்காமல் மாட்டியாகிவிட்டது! போய் நின்று சத்தம் போட்டேன். பழைய கூலரையாவது கொடுங்கள் என்றால், "அதை ஸ்க்ராப்ல போட்டாச்சு தம்பி" என்று பதில். அன்று காலை வரை நன்றாகச் சுற்றிய ஃபேன், 4 ஹீட் பைப் உள்ள கூலர், ஒரே சாயங்காலத்தில் ஸ்க்ராப். பில் கேட்டேன். ஜிஎஸ்டி பில் போட்டால் 18 சதவீதம் கூட வரும் என்று சொல்லி 'எஸ்டிமேட்' என்று அச்சடித்த துண்டுச்சீட்டில் 'கூலர் - 1' என்று மட்டும் எழுதி நீட்டினார்கள். மாடல் இல்லை, சீரியல் எண் இல்லை. மறுநாள் காலை ஒரு முகூர்த்த வீடியோ கொடுத்தாக வேண்டும், சிஸ்டம் அவர்கள் கையில். யுபிஐயில் பணம் போட்டுவிட்டு எடுத்து வந்தேன்.

வீட்டில் ஆன் செய்து, சூட்டைக் காட்டுகிற எச்டபிள்யூஇன்ஃபோ சாஃப்ட்வேரைத் திறந்தால், ஒரு வேலையும் கொடுக்காமலேயே 70க்கு மேல். ரெண்டர் போட்ட சில விநாடிகளில் 100. 4 கிகாஹெர்ட்ஸில் ஓட வேண்டியது பாதிக்கும் கீழே விழுந்து நொண்டியது. கொடுப்பதற்கு முன்னால் இருந்ததைவிடப் பல மடங்கு மோசம்.

பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றிக் கை வைத்துப் பார்த்தேன். ப்ராசஸர் மேல் உட்கார்ந்திருக்கிற பம்ப் பகுதி தொட முடியாத சூடு. அதிலிருந்து கிளம்புகிற இரண்டு குழாய்களும் ஒரு சாண் தள்ளினால் சில்லென்று இருந்தன. ரேடியேட்டரில் துளி சூடு இல்லை. அதன் முன்னால் இரண்டு ஃபேன்களும் ஏழு வண்ணத்தில் ஜோராகச் சுற்றிக்கொண்டு, சூடே வந்து சேராத ரேடியேட்டரைக் குளிர்வித்துக்கொண்டிருந்தன. பம்ப் ஓடவில்லை, வேறு அர்த்தமே கிடையாது.

சரி, புதுப் பொருளிலும் சிலது கோளாறோடு வரும், கடைக்காரருக்குத் தெரியாமல்கூட நடந்திருக்கலாம் என்றுதான் நினைத்தேன். அப்புறம் பயாஸுக்குள் போனேன், விண்டோஸ் தொடங்கும் முன்பே போர்டில் இருக்கிற அமைப்புப் பக்கம் அது. பம்ப்பின் ஒயரை போர்டில் ப்ராசஸர் ஃபேனுக்கென்று இருக்கிற சிபியு ஃபேன் பின்னில்தான் மாட்டியிருந்தார்கள், அங்கே வேகம் எதுவும் காட்டவில்லை. அந்தப் பின்னில் ஒன்றும் சுற்றவில்லை என்றால் இந்த போர்டு ஆன் ஆகும்போதே 'சிபியு ஃபேன் எரர்' என்று நிறுத்தி, எஃப்1 அழுத்தச் சொல்லும். எனக்கு அது வரவே இல்லை. ஏன் என்று தேடினால், சிபியு ஃபேனின் குறைந்தபட்ச வேக அமைப்பை 'இக்னோர்' என்று மாற்றி வைத்திருக்கிறார்கள். நான் அதைத் தொட்டதே கிடையாது. பம்ப்புக்குத் தனியாக எஸ்எம்பிஎஸ் என்கிற பவர் சப்ளையிலிருந்து நேரே கரண்ட் எடுத்து, அந்தப் பின்னைக் காலியாக விடுகிற கூலர்களுக்கு இப்படி வைப்பது உண்டு, அது நியாயம். இங்கே ஒயரை அதே பின்னில் மாட்டிவிட்டு எச்சரிக்கையை மட்டும் அணைத்திருக்கிறார்கள். ஆன் செய்தபோது எரர் வந்திருக்கிறது, பம்ப் செத்தது என்று தெரிந்திருக்கிறது, எரரை மறைத்துவிட்டு எனக்குப் போன் போட்டிருக்கிறார்கள்.

வீடியோ ஓடவிட்டுக்கொண்டே கூலரைக் கழற்றினேன். செப்புத் தகட்டின் நடுவில் புதிதாக வைத்த சாம்பல் நிறப் பேஸ்ட். அதைத் துடைத்தால் தகட்டின் விளிம்போரம், திருகுகளைச் சுற்றி, காய்ந்து இறுகிப்போன பழைய பேஸ்ட் ஒரு வளையமாக ஒட்டியிருந்தது, நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. திருகுகளின் தலையில் ஸ்க்ரூடிரைவர் வழுக்கிய கீறல்கள். ரேடியேட்டர் ஸ்டிக்கரில் இருந்த சீரியல் எண் ஒன்று, கடை கொடுத்த பெட்டியில் இருந்தது வேறொன்று. எவரோ கழற்றிப் போட்ட பழையதை வேறு பெட்டியில் வைத்து என் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

இதெல்லாம் போகட்டும், நான் கேட்ட வேலை என்ன? தூசி தட்டுவது. கேபினட்டின் முன்பக்க ஃபில்டரை இழுத்தேன், கம்பளி போல ஒரு தட்டுத் தூசியும் ஊதுபத்திப் புகையின் பிசுக்கும் அப்படியே அப்பியிருந்தது. தொடவே இல்லை! காற்று உள்ளே வருகிற வழியே அதுதான். மூச்சு அடைத்துக் கிடந்த அந்த ஃபில்டருக்குப் பின்னாலேயே ரேடியேட்டரையும் மாட்டியிருக்கிறார்கள், பம்ப் ஓடியிருந்தாலும் உருப்படியாக வேலை செய்திருக்காது. ஃபில்டரைக் கழுவிக் காயவைத்து, வேறொரு டவர் கூலரை இரவல் வாங்கிப் போட்டேன். அதே அறை, அதே வெயில், முழு ரெண்டரில் 80ஐத் தாண்டவில்லை. 90 போனதற்குக் காரணம் வெயிலோடு சேர்ந்த அந்தத் தூசிதான்.

கடையில் கேட்டபோது, "நீங்க வீட்ல எதையோ நோண்டியிருக்கீங்க தம்பி, எங்ககிட்ட ஓடிச்சு" என்றார் முதலாளி. பயாஸ் படத்தைக் காட்டினேன், அதெல்லாம் விண்டோஸ் அப்டேட்டில் மாறும் என்றார். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. கூலர் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் பெட்டி எண்ணும் பொருளின் எண்ணும் ஒத்துப்போகவில்லை, முறையான பில்லும் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் மேல் குற்றம் சொல்ல முடியாது.

அப்புறம் 1915க்குப் போன் செய்து புகார் பதிந்தேன், அது தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசலாம். கடைக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, நடந்து 2 வருடத்துக்குள் மனு கொடுக்க வேண்டும். துண்டுச்சீட்டுதான் இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். கடையின் பெயருக்குப் போன யுபிஐ பணம், போன் பேசியதும் நான் வாட்ஸ்அப்பில் 'கேட்காமல் ஏன் மாட்டினீர்கள்' என்று அனுப்பியதற்கு அவர்கள் போட்ட பதில், கழற்றிய வீடியோ எல்லாம் என்னிடம் இருக்கின்றன.

சிஸ்டத்தை வெளியே கொடுத்தே ஆக வேண்டும் என்றால், மூடியைத் திறந்து உள்ளே இருப்பதை அவர்கள் முன்னாலேயே படம் எடுங்கள், ரேம், கார்டு, எஸ்எஸ்டி சீரியல் எண்கள் உட்பட. என்ன வேலை, எவ்வளவு, கழற்றுகிற பழைய பாகம் எனக்கே வர வேண்டும் என்பதை வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டுப் பதில் வாங்குங்கள். திரும்ப எடுக்கும்போது கடையிலேயே ஆன் செய்து, ப்ராசஸருக்கு முழு வேலை கொடுத்துச் சோதிக்கிற சினிபெஞ்ச் சாஃப்ட்வேரை ஒரு 10 நிமிடம் ஓட்டிப் பாருங்கள், அப்படியே பயாஸில் சிபியு ஃபேன் வேகத்தையும். நேரமாகும் சார் என்று முனகுவார்கள், முனகட்டும்.

நோட்டீஸ் போனதும் முதலாளி குரல் மாறிவிட்டது. 3,000 தருகிறேன், முடித்துக்கொள்ளலாம் என்றார். முழுப் பணமும் என் கூலரும் வேண்டும் என்றேன். ஸ்க்ராப்பில் போட்டதாகச் சொன்ன அந்த ஏகே400ஐ ஒரு பையன் மூலம் வீட்டுக்கே கொடுத்தனுப்பினார்கள், உடைந்ததாகச் சொன்ன மவுன்ட் உடையாமல், ஃபேன் மட்டும் வேறு கம்பெனியுடையதாக. அதையும் படம் எடுத்து மனுவோடு சேர்த்திருக்கிறேன்.